முடிசூடும் பெருமாளின் ஊர்வலம்

மாசி 19ஆம் தேதி ராத்திரி நாகர்கோவில் நாகராஜா திடலில் படுக்க இடம் பிடிப்பது லேசுப்பட்ட காரியமில்லை. திருச்செந்தூரிலிருந்து வந்த கூட்டம் ஒரு பக்கம், திருவனந்தபுரத்திலிருந்து வந்த கூட்டம் இன்னொரு பக்கம். மேடையில் ஒருவர் ஒலிபெருக்கி அதிரப் பேசிக்கொண்டிருந்தார். கீழே அவர் பேச்சைத் தாலாட்டாக எடுத்துக்கொண்டு குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தன. பாய், போர்வை, தண்ணீர்க் கேன், முறுக்குப் பொட்டலம் என்று குடும்பம் குடும்பமாக விரித்துவிட்டார்கள். நான் ஒரு செய்தித்தாளை விரித்துச் சுவரோரமாகச் சாய்ந்தேன்.

என் வீடு அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர்கூட இல்லை. போய்ப் படுத்துவிட்டு விடியற்காலை வந்திருக்கலாம். ஆனால் நாகர்கோவிலில் பிறந்து வளர்ந்த எனக்கு இந்த மாசி 20 என்பது வருஷாவருஷம் பேருந்தைத் திருப்பிவிடும் நாளாகவும், பள்ளிக்கூடத்துக்கு உள்ளூர் விடுமுறை விடும் நாளாகவும்தான் இருந்தது. ஆங்கிலத் தேதிக்கு மார்ச் 3 அல்லது 4. காவிக்கொடிகள் போகும், மேளம் போகும், மாடியில் நின்று பார்ப்போம், கீழே இறங்கியதில்லை. என் தாத்தா, தலைப்பாகை கட்டுவதற்கு யாரும் தடை போடாத வீட்டில் பிறந்தவர். அதனாலேயோ என்னவோ, அவர் அதைக் கட்டிப் பார்த்ததே இல்லை. இந்த ஒருமுறையாவது ஊர்வலத்தோடு சாமித்தோப்புவரை முழுதும் நடப்பது என்று வந்தபின் ராத்திரியை மட்டும் வீட்டில் கழிப்பது கள்ளத்தனமாகப்பட்டது.

நாலரை மணிக்கு டீக்கடையில் கூட்டம் மொய்த்தது. பக்கத்தில் நின்ற பெரியவருக்கு எழுபது தாண்டியிருக்கும். பனையேறிய நெஞ்சு என்பது சட்டையில்லாமல் நின்றதில் தெரிந்தது. மரத்தோடு மரமாக உரசி உரசி மார்புத்தோல் தடித்துக் கறுத்துப்போயிருந்தது. என்னைப் பார்த்து, "அய்யா உண்டு" என்றார். வைகுண்டரை அய்யா என்று கும்பிடும் அய்யாவழிக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்தால் சொல்லிக்கொள்வது அதுதான். வணங்குகிறேன் என்றோ வாழ்க என்றோ இல்லை, உண்டு, அவ்வளவே. நானும் அதையே திருப்பிச் சொன்னேன். அவர் கண் என் நெற்றிக்கு மேலே போய் நின்றது.

"தலப்பா எங்க?"

"நான் சும்மா கூட நடக்க வந்தேன் பாட்டா."

"சும்மா நடக்கதுக்கும் தலப்பா வேணும் மக்கா. இது தலப்பாக்க ஊர்வலமாக்கும்."

மஞ்சள் பையிலிருந்து ஒரு துண்டை உதறி எடுத்தார். நீலம் போட்டுத் துவைத்த துண்டு, விறைப்பாக இருந்தது. என்னைக் குனியச் சொல்லி மூன்று சுற்றுச் சுற்றி, நுனியை உள்ளே செருகி, ஒரு தட்டுத் தட்டினார். கண்ணாடி இல்லாத இடம். அவர் முகத்தைப் பார்த்துத்தான் எனக்கு எடுப்பாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. இருந்தது போல.

1809இல் பொன்னு நாடாருக்கும் வெயிலாளுக்கும் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. முடிசூடும் பெருமாள் என்று பேர் வைத்தார்கள். பனையேறி வீட்டில் பிறந்த பிள்ளைக்கு முடி எதற்கு, சூடுவது எதற்கு என்று மேல்சாதிக்காரர்கள் கேட்டார்கள். பேரை மாற்றி முத்துக்குட்டி ஆக்கினார்கள் என்கிறது மரபு. அன்றைய திருவிதாங்கூரில் இது பெரிய விஷயமாக யாருக்கும் பட்டிருக்காது. அந்தச் சாதிக்காரர் குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது, முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கக் கூடாது, தலையில் துண்டு கட்டக் கூடாது. பெண்கள் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைக்கக் கூடாது, மார்பை மேல்துணியால் மூடக் கூடாது. தலை எண்ணி வரி வாங்கிய காலமும் இருந்தது. அய்யாவழியின் நூலான அகிலத்திரட்டு அம்மானை இந்த வரிகளை ஒரு பட்டியலாகவே போடுகிறது. தாலிக்கும் கம்புத்தடிக்கும்கூட ஆயம் கேட்டார்கள் என்று படிக்கையில், கேட்டவர்களின் கற்பனைவளத்தை மெச்சத்தான் தோன்றுகிறது.

ஆக, அந்த ஊரில் தலை என்பது சுமை வைக்க, குனிய, வரிக்கு எண்ண மட்டும் இருந்த உறுப்பு. முத்துக்குட்டி நோயில் விழுந்தார். தொட்டில் கட்டி அவரைத் திருச்செந்தூருக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். கடலில் மூழ்கியவர் மூன்றாம் நாள், கொல்லம் ஆண்டு 1008 மாசி மாதம் 20ஆம் தேதி, வைகுண்டராக எழுந்து வந்தார் என்பது நம்பிக்கை. 1833ஆம் வருஷம். அங்கிருந்து நடந்தே தம் ஊரான சாமித்தோப்புக்கு வந்தார். வந்தவர் சொன்னவற்றில் சுருக்கமான ஒன்று, தலையில் துண்டைக் கட்டு என்பது.

ஆறு மணிக்கெல்லாம் ஊர்வலம் புறப்பட்டுவிட்டது. முன்னால் முத்துக்குடைகள், பிறகு மேளம், சந்தனக்குடம் ஏந்திய சிறுவர்கள், கோலாட்டம் அடிக்கும் பெண்பிள்ளைகள். அகிலத்திரட்டை வைத்த வாகனம் நடுவில். பின்னால் காவிக்கொடியும் தலைப்பாகையும்தான், கண்ணுக்கு எட்டும்வரை. ஒரு கூட்டம் வந்தது அவர் கடலிலிருந்து எழுந்த திசையிலிருந்து. இன்னொன்று வந்தது அவரைச் சிறை வைத்த ஊரிலிருந்து. இரண்டும் நாகராஜா கோயில் வாசலில் கலந்து ஒன்றாக நடக்கின்றன. நாகராஜா கோயிலிலும் பிரசாதம் மண்தான், மூலஸ்தானத்து மண். போகிற இடத்திலும் நெற்றியில் மண்தான் வைப்பார்கள். இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு மண்ணின்மேல் உள்ள பிரியத்தை வீட்டுமனை விலை மட்டும் சொல்வதில்லை.

கோட்டாறு. சவேரியார் கோயில் சந்திப்பில் கூட்டம் நெருங்கி நடந்தது. உள்ளே புதைக்கப்பட்டிருப்பவர் தேவசகாயம் பிள்ளை. மார்த்தாண்ட வர்மாவின் அதிகாரியாக இருந்து, கிறிஸ்தவராகி, அதற்காக எருமைமேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோகப்பட்டு, 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டவர். 2022 மே 15 அன்று போப்பாண்டவர் அவரைப் புனிதராக அறிவித்தார். திருவிதாங்கூர் அரண்மனைக்கு வேண்டாதவர்களாகிப்போன இரண்டுபேர் ஒரே ரோட்டில், ஒருவர் உள்ளே கல்லறையில், மற்றவர் வெளியே வாகனத்தில். மேளக்காரர்கள் அங்கே கொஞ்சம் கூடுதலாக முழக்கினார்கள். மரியாதையா, போட்டியா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

இடலாக்குடியில் வெயில் ஏற ஆரம்பித்தது. சதாவதானி செய்குத்தம்பிப் பாவலரின் ஊர். கம்பராமாயணத்தில் கரை கண்ட ஒரு முஸ்லிம் புலவர் ஒரே நேரத்தில் நூறு விஷயங்களைக் கவனித்துக் காட்டிய ஊரில், என்னால் மேளம், வெயில், காலில் செருப்பில்லாத சூடு என்ற மூன்றையே கவனிக்க முடியவில்லை. ஒரு வீட்டுத் திண்ணையில் தொப்பி போட்ட பையன் ஒருவன் மோர் ஊற்றிக் கொடுத்தான். இரண்டு டம்ளர் குடித்தேன். அடுத்த டம்ளருக்குக் கை நீட்டியபோது பாட்டா என் முழங்கையைத் தட்டினார். "பின்னால ஆளு நிக்கி."

பழையாற்றுப் பாலம் தாண்டினால் சுசீந்திரம். இங்கேதான் நான் நடையைத் தளர்த்தினேன்.

தாணுமாலயன் கோயில் கோபுரத்தை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். தலையில் துண்டு கட்டிக்கொண்டு, இப்படிப்பட்ட கூட்டத்துக்குள் நின்று பார்த்ததில்லை. ஒரே கோபுரம் பார்க்கிற ஆளுக்குத் தக்கபடி உயரம் மாறும் போலிருக்கிறது. இந்தக் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் தாழ்த்தி வைக்கப்பட்ட சாதிக்காரர்கள் நடக்க முடியாமல் இருந்த காலம் ஒன்றும் புராண காலமில்லை. அந்தத் தெருக்களில் நடப்பதற்காக 1926இல் இங்கே சத்தியாகிரகம் நடந்தது. கோட்டாற்று டாக்டர் எம்.இ. நாயுடு அதில் முன்னால் நின்றவர். வைக்கம் அளவுக்கு நம் பாடப்புத்தகங்களில் சுசீந்திரம் இடம் பிடிக்கவில்லை. பக்கத்து ஊர்க்காரனான நானே இதைக் கல்லூரி முடித்த பிறகுதான் படித்தேன். கடைசியில் 1936 நவம்பர் 12 அன்று ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்துதான் திருவிதாங்கூரின் கோயில் கதவுகள் எல்லோருக்கும் திறந்தன. வைகுண்டர் திருச்செந்தூரிலிருந்து திரும்பி நூற்றுமூன்று வருஷம் கழித்து.

இதே சுசீந்திரத்தில் இன்னொரு வழக்கம் இருந்தது. கைமுக்கு. ஒழுக்கக் குற்றம் சாட்டப்பட்ட நம்பூதிரி கொதிக்கும் நெய்யில் கையை முக்கி எடுக்க வேண்டும். கை வெந்தால் குற்றவாளி. இந்தச் சோதனையை நிறுத்தியவர் ஸ்வாதித் திருநாள் மகாராஜா. கச்சேரி மேடைகளில் இன்றைக்கும் அவருடைய கீர்த்தனைகள் ஒலிக்கின்றன. அதே ஸ்வாதித் திருநாள்தான் வைகுண்டரைப் பிடித்துக்கொண்டுபோய்த் திருவனந்தபுரம் சிங்காரத்தோப்புச் சிறையில் அடைத்தவரும். நம்பூதிரியின் கை வேகக் கூடாது என்று பதைத்த நெஞ்சுக்குப் பனையேறியின் தலைத்துண்டு பொறுக்கவில்லை. அவரைக் கொடியவர் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. அப்படிச் சொல்ல எனக்கு மனமில்லை. நல்லவர்களின் கண்ணுக்கும் ஒரு எல்லைக்கல் நட்டு வைத்திருந்தது அந்தக் காலம். இன்றைய காலம் நட்டு வைத்திருக்கும் கல் எது என்று நமக்குத் தெரியப்போவதில்லை, நம் பேரப்பிள்ளைகள் அதைச் சுட்டிக்காட்டிச் சிரிப்பார்கள்.

சிறையிலிருந்த நாட்களைப் பற்றி வாய்வழிக் கதைகள் ஏராளம். பாலில் நஞ்சு கலந்து கொடுத்தார்கள். சுண்ணாம்புக் காளவாயில் இறக்கினார்கள். பட்டினி போட்ட புலியின் முன்னால் விட்டார்கள், புலி அடங்கிப் படுத்துக்கொண்டது. பாட்டா இதைச் சொல்லும்போது புலி படுத்த இடத்தைக் கையால் காட்டினார், தார்ரோட்டில், அவருடைய காலடிக்குப் பக்கத்தில். 1839 மாசியில் வைகுண்டர் விடுதலையானார். சிறையின் கணக்குப் புத்தகத்தில் புலி இருக்கிறதோ இல்லையோ, ராஜா அவரை வெளியே விட்டது நிஜம். வெளியே வந்த ஆள் தலைப்பாகையை அவிழ்க்கவில்லை என்பதும் நிஜம்.

சுசீந்திரத்துக்கு அப்பால் ஊர் விலகி வயல் வருகிறது. நாஞ்சில் நாட்டுக்கு இரண்டு பூ. கன்னிப்பூ, கும்பப்பூ. மாசியில் கும்பப்பூ அறுவடை. சில வயலில் கதிர் தலை சாய்ந்து நின்றது, சில வயலில் அறுப்பு எந்திரம் ஓடிய தடம் இருந்தது, கொக்குகள் அந்தத் தடத்திலேயே வரிசையாக நடந்தன. வைக்கோல் வாசனை. மேளக்காரர்களும் இங்கே கையை உதறிக்கொண்டு சும்மா நடந்தார்கள். கூட்டத்தில் பேச்சு மாறியது. கருப்பட்டி விலை, மகளுக்கு வரன், அபுதாபியில் இருக்கும் மருமகன், அவன் அனுப்பாத பணம்.

வரப்போரத்தில் ஒரு மாடன் பீடம். செங்கல்லால் கட்டி வெள்ளையடித்த, ஆள் இடுப்பு உயரத்துக் கூம்பு. போன வருஷக் கொடையின் காய்ந்த மாலை அதில் தொங்கியது. நாஞ்சில் நாட்டில் பாதிக் கடவுள்கள் இப்படி வந்தவர்கள்தாம். சாதி மாறிக் காதலித்ததற்காக வெட்டப்பட்டவன், புதையலுக்காகப் பலியிடப்பட்ட சூலி, வஞ்சகத்தால் கொல்லப்பட்டு இசக்கியாக வந்து பழி வாங்கிய பெண். கொன்றவர்கள் ராத்திரியில் தூக்கம் கெட்டுப் பீடம் போடுவார்கள். வருஷத்துக்கு ஒருமுறை வில்லுப்பாட்டில் அந்தக் கதையை முழுதாகச் சொல்லிக் காட்டினால்தான் சாமி அடங்கும். கொடைவிழா என்பது ஒரு வகையில் ஊர் தன் குற்றத்தை மைக் வைத்து ஒப்புக்கொள்ளும் சடங்கு.

இது நம் ஊர்ச் சரக்கு மட்டுமென்று நெடுநாள் நினைத்திருந்தேன். ஜப்பானிலும் இதே கதைதான். சுகவாரா நோ மிச்சிசானே என்ற கவிஞர், பெரும் படிப்பாளி, அரசவையில் உயர்ந்த பதவியில் இருந்தவர். பொறாமைக்காரர்கள் மூட்டிவிட்டதில் 901இல் தலைநகரைவிட்டு தஸாய்ஃபுவுக்குத் துரத்தப்பட்டு, 903இல் அங்கேயே இறந்துபோனார். அதன்பின் தலைநகரில் சாவு மேல் சாவு. 930இல் அரண்மனையிலேயே இடி விழுந்தது. எல்லாம் அவர் கோபம் என்று அஞ்சி, பறித்த பதவியைத் திருப்பிக் கொடுத்தார்கள். 947இல் கியோத்தோவின் கித்தானோவில் கோயிலும் எழுந்தது. இன்றைக்கு அவர் கல்விக் கடவுள், பரீட்சைக்குப் போகும் பிள்ளைகள் அவரிடம்தான் வேண்டிக்கொள்கிறார்கள். அவருக்குப் பிரியமான உமே என்னும் ஜப்பானியப் பிளம் மரங்கள் பூத்துக்கிடக்கும் பிப்ரவரி 25இல், அவர் இறந்த நாளில், அங்கே மலர் விழா. நம் மாசி மாதம்தான் அதுவும். இசக்கியின் ஜப்பான் தம்பி என்று எனக்குள் ஒரு பேர் வைத்துக்கொண்டேன்.

ஆனால் வைகுண்டர் இந்த வரிசையில் சேரமாட்டார். அவரை யாரும் கொல்லவில்லை. 1851 வைகாசியில் தம் ஊரிலேயே கண் மூடினார். கோபித்து எவர் வீட்டுக் கூரையிலும் இடியாக இறங்கவில்லை. அதைவிட முக்கியம், இந்தப் பீடங்களுக்கு முன்னால் கோழியும் கிடாவும் வெட்டாதே, பேயை நினைத்துப் பயப்படாதே என்று தம் மக்களிடம் சொன்னவர் அவர். பேய்களையெல்லாம் திரட்டி எரித்துவிட்டார் என்று அய்யாவழிக்காரர்கள் நம்புகிறார்கள். யோசித்துப் பார்த்தால், மேலே இருப்பவனுக்குப் பயந்து கூனிய முதுகுதான் பேய்க்கும் கூனியது. துண்டைக் கட்டச் சொன்னதும் பேயை மறக்கச் சொன்னதும் ஒரே வைத்தியம். செத்தபின் நியாயம் கேட்கும் சாமிகள் நிறைந்த நாட்டில், உயிரோடிருக்கும்போதே தலையை நிமிர்த்து என்று சொன்ன சாமி இவர். மாடன் பீடத்தைத் தாண்டும்போது பாட்டா திரும்பிப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். பழக்கம்.

வழுக்கம்பாறை, ஈத்தங்காடு. வயல் முடிந்து தோப்பு, தோப்பு முடிந்து மணல் கலந்த மேட்டுநிலம். தென்னையோடு போட்டி போட்டுத் தோற்றுக்கொண்டிருக்கும் பனைகள் அங்கங்கே. பதநீர்க் காலம். ஒரு பனையின் உச்சியில் ஆள் ஒருவர் பாளை சீவிக்கொண்டிருந்தார். ஊர்வலத்தைக் கண்டதும் மரத்தின்மேலிருந்தே தலையைத் தொட்டுக் காட்டினார். தலைப்பாகை இருந்தது. கீழே ஒரு ஆரவாரம். பாட்டா அண்ணாந்து பார்த்து, "பைய, பைய. கைய விடாதே மக்கா!" என்று கத்தினார்.

"பாட்டா எத்தன வருஷம் ஏறினியோ?"

"அம்பது பனை. காலையில ஒருக்க, சாயங்காலம் ஒருக்க. முட்டு போயாச்சு, இப்பம் இல்ல." முழங்காலைத் தட்டிக் காட்டினார். முழங்கால் போன மனிதர் என்னைவிட வேகமாக நடந்துகொண்டிருந்தார். மகன் துபாயில், பேரன் என்ஜினியர், பனையை அண்ணாந்து பார்க்கவும் மாட்டான் என்றார். வருத்தமா பெருமையா என்று தெரியாத குரல் அது. இரண்டும்தான் இருக்கும்.

ஃபிளெக்ஸ் போர்டுகளைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். வழி முழுக்க எல்லாக் கட்சிக்காரர்களும் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள், எல்லோர் தலையிலும் காவித் தலைப்பாகை, சிலருக்குக் கணினியில் கட்டிவிட்டது. அய்யாவழி தனிச் சமயமா, இந்து சமயத்துக்குள் ஒரு வழியா என்ற வழக்கும் மேடைகளில் ஓயாமல் நடக்கிறது. என்னோடு நடந்த யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவர்களுக்கு உச்சிப்படிப்பு எனும் நண்பகல் வழிபாட்டுக்கு முன் போய்ச் சேர வேண்டியிருந்தது.

வடக்குத் தாமரைக்குளம் வந்ததும் கால்கள் தாமாக விரைந்தன. தாமரைக்குளத்தில்தான் வைகுண்டரின் சீடர் அரிகோபாலன் அகிலத்திரட்டை ஓலையில் எழுதினார். கொல்லம் 1016ஆம் ஆண்டு. பதினையாயிரம் அடிகளைத் தாண்டும் அந்த நூல் நூறு வருஷம் கிட்டத்தட்ட ஓலையிலேயே படி எடுக்கப்பட்டுத் அய்யாவழியின் சிறு வழிபாட்டிடங்களான தாங்கல் தாங்கலாகக் கைமாறி, 1939இல்தான் அச்சேறியது. அச்சு எந்திரமும் பள்ளிக்கூடமும் கையிலிருந்த லண்டன் மிஷன்காரர்கள் அந்தக் காலத்தில் இந்த முத்துக்குட்டியின் கூட்டத்தைப் பற்றித் தங்கள் அறிக்கைகளில் குறைபட்டுக்கொண்டார்கள். மயிலாடியில் ரிங்கல்தௌபே பாதிரியார் ஆரம்பித்து வைத்த மிஷன் வேலைக்கு இவர் பெரிய தடை. அந்தக் குறைகூறலே இன்றைக்கு இவருடைய காலத்துக்குச் சாட்சிப் பத்திரமாகிவிட்டது.

சாமித்தோப்பு. பதி என்னும் வழிபாட்டிடத்துக்குள் நுழையும் முன் முத்திரிக் கிணறு. பதினெட்டுச் சாதியும் ஒரே கிணற்றில் இறைத்துக் குளிக்கட்டும் என்று வைகுண்டர் ஏற்படுத்திய கிணறு. இன்று கேட்டால் சாதாரணம். நிழல் பட்டாலும் தீட்டு என்று அடி கணக்கில் தூரம் அளந்து வைத்திருந்த நாட்டில் 1830களில் அது சாதாரணமில்லை. கொஞ்சம் குடித்துவிட்டு மீதியைத் தலையில் விட்டுக்கொள்ள வேண்டும். விடுவதற்குத் தலைப்பாகையை அவிழ்த்தாக வேண்டும். வாளித் தண்ணீர் உச்சியில் விழுந்தபோது, அவ்வளவு தூர வெயிலும் ஒரே இறக்கத்தில் முதுகுவழியாக இறங்கியது.

துண்டை மறுபடி கட்ட வேண்டும். பாட்டாவைத் தேடினேன், அவர் இரண்டு ஆள் தள்ளித் தன் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துவிட்டுப் பார்க்காததுபோல் திரும்பிக்கொண்டார். நானே சுற்றினேன். முதல்முறை நெகிழ்ந்து காதில் விழுந்தது. இரண்டாம்முறை கண்ணை மூடியது. மூன்றாம்முறை ஏதோ நின்றது. பக்கத்தில் ஒரு எட்டு வயசுப் பையன் தன்னுடையதை ஒரே சுற்றில் கட்டி முடித்துவிட்டு என்னை இரக்கத்தோடு பார்த்தான்.

துவையல் தவசு நினைவுக்கு வந்தது. விடுதலைக்குப் பின் வைகுண்டர் சொல்லி எழுநூறு குடும்பங்கள் கடற்கரையில் போய்க் கூடியிருந்து, நாளுக்கு மூன்று வேளை குளித்து, உடுத்ததைத் துவைத்து, ஒருவேளை மட்டும் உண்டு தவம் இருந்தார்கள். காடு மேடு ஏறிப் பாளை சீவி, கள்ளும் பதநீரும் வேர்வையும் ஊறிய ஒற்றைத் துணியோடு திரிந்தவர்களுக்கு நாளுக்கு மூன்று குளியல் என்பது தவமா சுகமா என்று கேட்கக் கூடாது. பாட்டாவின் துண்டில் இருந்த நீலத்தின் வாசனைக்கு ஒரு பாட்டன்பூட்டன் வரலாறு உண்டு என்று மட்டும் புரிந்தது.

பதிக்குள் ஆண்கள் சட்டையில்லாமல், தலைப்பாகையோடு போக வேண்டும். ஊரிலுள்ள மற்றக் கோயில்களில் துண்டை இடுப்பில் இறக்கிக் கட்டிக்கொண்டு உள்ளே போகிறோமே, இங்கே அது தலைக்கு ஏறுகிறது. அரசன் முன்னாலும் ஆண்டவன் முன்னாலும் அவிழ்க்க வேண்டியதை ஆண்டவன் முன்னால் கட்டு என்று வைத்துவிட்டால், அரசனைப் பற்றித் தனியாகச் சொல்ல என்ன இருக்கிறது! கொடிமரத்தைச் சுற்றி ஐந்து வலம். ஈரமண்ணில் ஆயிரம் கால் மிதித்த சேறு. முன்னால் ஒரு அம்மை இடுப்பில் குடத்தோடு போய்க்கொண்டிருந்தாள். நேர்ச்சைக்குக் கொண்டுவந்த சின்னச் சில்வர்க் குடம். இடுப்பில்தான் வைத்திருந்தாள்.

பள்ளியறையில் சிலை கிடையாது. ஒரு நிலைக்கண்ணாடி, இரண்டு பக்கமும் விளக்கு. கும்பிட வருகிறவன் கண்ணாடியில் தன்னையே பார்க்கிறான், தலைப்பாகையோடு, நிமிர்ந்தபடி. நாராயண குரு களவங்கோட்டில் கண்ணாடியைப் பிரதிஷ்டை செய்தது இதற்கெல்லாம் வெகுகாலம் கழித்து 1927இல். இந்தக் கண்ணாடியைப் பற்றி எழுதுவதற்கு ஒரு நல்ல வாக்கியத்தை நான் வீட்டிலிருந்தே தயார்செய்து கொண்டுவந்திருந்தேன். என் முகத்தில் நான் எதைக் காணப்போகிறேன் என்பதெல்லாம் அதில் இருந்தது. கூட்டம் என்னை வாசலில் நிறுத்தியது இரண்டு வினாடி. அந்த இரண்டு வினாடியில் கண்ணாடியில் தெரிந்தது எனக்கு முன்னால் நின்றவரின் தலைப்பாகையும், எனக்குப் பக்கத்தில் நின்றவரின் காதும்தான். என் முகம் அவற்றுக்குப் பின்னால் எங்கோ இருந்திருக்க வேண்டும். வாக்கியத்தை அங்கேயே விட்டுவிட்டேன்.

பணிவிடைக்காரர் நாமம் இட்டார். புருவநடுவிலிருந்து மேல்நெற்றிவரை வெள்ளை மண்ணால் ஒரே இழுப்பு, விளக்குச் சுடர்போல. கட்டைவிரல் அழுத்தமாக இருந்தது. பிறகு வரிசையில் உட்கார்ந்து நித்தப்பால் வாங்கிக் குடித்தேன். பால் என்பது பேருக்கு, அரிசியும் சிறுபயறும் போட்டு வைத்த கஞ்சி. யார் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று ஒருவரும் பார்க்கவில்லை. ஒரு பெரிய கார்க்காரர் என் இலைப்பக்கத்தில் சப்பணமிட்டிருந்தார், கார்ச்சாவி இடுப்பில் தொங்கியது. பசி எல்லோரையும் குனிய வைத்திருந்தது, அந்த ஒன்றுக்குத்தான் குனியலாம்போல.

மூன்று மணிக்குமேல் பாட்டாவை வெளியே கண்டேன். துண்டைத் திருப்பிக் கொடுக்க அவிழ்க்கப் போனேன். "வேண்டாம், வச்சிக்க. அடுத்த வருஷம் தொவச்சிக் கொண்டுவா" என்றார். நான் வருவேன் என்று அவரே முடிவுசெய்துவிட்டார். பேருந்துக்காகக் காத்திருந்து பயனில்லை. ஒரு ஷேர் ஆட்டோ வந்தது, உள்ளே ஏற்கெனவே ஏழு பேர். டிரைவர் பையன் வெளியே தலையை நீட்டி நாங்கள் நின்ற கும்பலை விரலால் எண்ணினான்.

"கோட்டாறு, கோட்டாறு. தலைக்கு இருவது ரூவா."

பாட்டா இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்தவர் அப்படியே நின்று சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு இருமலாகி, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "கேட்டியா மக்கா?" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டார். "இவனும் தலைக்குத்தானே கேக்கான்!"

பையனுக்கு ஒன்றும் புரியவில்லை. "பாட்டா ஏறுதியளா, இல்லியா?" என்றான். ஏறினோம். கூரை தாழ்வு, தலைப்பாகை இடித்தது. பாட்டா அவிழ்க்காமல் கழுத்தைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டார்.